ஜெனீவாவில் பிரிஜா வாசித்தது

தேங்காய்ப்பட்டணத்துப் பிரிஜா ஜெனீவாவுக்குப் போய் வந்தவள் என்று ஊரில் இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். யாராவது அப்படித் தொடங்கினால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த அலுவலகம். எங்கெங்கிருந்தோ வரும் வீடியோக்களைப் பார்த்து, இது வெட்டுக்குத்து, இது ஆபாசம், இது வெறும் விளையாட்டு என்று குறி போட வேண்டும். அந்தக் குறிகளை வைத்துத்தான் செயற்கை நுண்ணறிவு நல்லது கெட்டதைப் பிரிக்கப் பழகும். பக்கத்து நாற்காலி செசிலிக்கு அந்த வேலை ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கக்கூடாததைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுகூடக் கை நடுங்கியது. மேனேஜரிடம் முறையிட்டால் பெங்களூர் கம்பெனியைக் கைகாட்டினார். பெங்களூரில் கேட்டால், வேலை வெளிநாட்டுக் கம்பெனியுடையது, எங்கள் பொறுப்பில்லை என்றார்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு உலகப் பொதுவிதிகள் வகுக்க ஜெனீவாவில் மாநாடு கூடியது அந்தச் சமயத்தில்தான். வளரும் நாடுகளின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. ஆங்கிலம் தடுமாறாமல் பேசுகிற பிரிஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிளம்புகிற அன்று செசிலி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, வேற ஒண்ணும் பறய வேண்டாம். எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த நாட்டுல போய்க் கேக்கணும்? அத மட்டும் கேட்டுட்டு வா. அந்த விதியில அதுக்கு ஒரு வரி வேணும்."

"கேக்காம வருவேனா?" என்றாள் பிரிஜா.

மாநாட்டு மண்டபத்தில் நாட்டுப் பெயர்ப்பலகை வைத்த மேசைகள் நடுவில் இருந்தன. அவளைப் போன்றவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி. விதிகளின் வரைவு முந்தின நாளே முடிவாகிவிட்டது என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. தொண்டு நிறுவனத்து அம்மாள் ஒரு தாளை நீட்டினார்.

"விரும்பினால் நீங்களாகவே பேசலாம். ஆனால் பாடுபட்டு நமக்கு ஓரிடம் வாங்கியிருக்கிறோம். முதல்முறையே குறை சொன்னால் அடுத்தமுறை யார் கூப்பிடுவார்கள்?" என்றார் ஆங்கிலத்தில், கனிவாகவே.

எங்களைக் கலந்து பேசியதற்கு நன்றி, இந்த விதிகளை வரவேற்கிறோம் என்றிருந்தது தாளில். வாசித்துவிட்டுக் கடைசியில் செசிலியின் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வாசித்தாள். மண்டபமே கைதட்டியது. கோட்டுப் போட்ட பெரியவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கைதட்டல் அடங்கியபிறகும் நேரம் இருந்தது. 'தேங்க் யூ' என்று சொல்லி மைக்கை அணைத்தாள்.

அடுத்துப் பேசியவள் கென்யாவில் இதே வேலை பார்க்கும் அகின்யி. கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "நேற்றே முடித்துவிட்டதைப் பற்றி இன்று எங்களிடம் என்ன கேட்கிறீர்கள்?" என்றாள்.

மாநாட்டுத் தலைவர் கோபப்படவில்லை. "எல்லாரையும் கலந்துதான் செய்தோம். இப்போதுதானே இந்தியப் பிரதிநிதியும் அதைச் சொன்னார்?" என்றார்.

அகின்யி திரும்பிப் பிரிஜாவைப் பார்த்தாள். பிரிஜா தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை.

மார்த்தாண்டத்தில் எல்லாரும் அதை நேரலையில் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்த அன்று செசிலிதான் முதலில் பேசினாள்.

"நல்லா வாசிச்ச மக்கா. எங்களுக்க காரியம் பறயச் சமயம் கிட்டல்ல, இல்லியா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். பிரிஜா அப்படிச் சொல்லவில்லை.

"சமயம் இருந்தது. நான்தான் கேக்கல்ல."

"பயந்துட்டியா?"

"இல்ல. எல்லாரும் என்னை மதிச்சுப் பாத்தாவ. அது எனக்குப் பிடிச்சுப்போச்சு."

செசிலி எழுந்துபோனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பிரிஜாவுக்கு.

தான் வாசித்தது உண்மையில்லை, யாரும் எங்களைக் கேட்கவில்லை என்று மாநாட்டுக்கு மெயில் அனுப்பினாள். பதிவானதை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. வெளியான அறிக்கையில் செசிலியின் கேள்வி இல்லை. மைக் முன்னால் சிரிக்கிற பிரிஜாவின் படம் மட்டும் பெரிதாக இருந்தது. ஊர்க்காரர்கள் அதைத்தான் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அகின்யியின் முகவரியைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அடுத்த வரைவுக்கு முன்பே பல நாட்டுத் தொழிலாளர்கள் இணையத்தில் கூடித் தங்கள் கோரிக்கையை எழுதப்போவதாகவும், பேசவேண்டியவர்களை அழைத்து வா என்றும் பதில் வந்தது. பிரிஜா தயங்கித் தயங்கிச் செசிலியைக் கேட்டாள்.

"நான் தமிழ்ல பறைவேன். நீ ஒண்ணும் குறைக்காம சொல்லணும்" என்றாள் செசிலி.

கூட்டத்தில் செசிலி தன் கை நடுக்கத்தைச் சொன்னாள், எந்த நாட்டில் போய்க் கேட்பது என்று கேட்டாள். பிரிஜா வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். திரையில் பலர் எழுதிக்கொண்டார்கள். கேள்வி கோரிக்கையில் சேர்ந்தது. விதியில் சேருமா என்பது யாருக்கும் தெரியாது.

முடிக்கும்போது செசிலி, "போன தடவை இத இவக்கிட்டச் சொல்லித்தான் அனுப்பினோம். இவ கேக்கல்ல" என்றாள்.

'இவள்' வருகிற இடத்தில் 'நான்' என்று போட்டு, அதையும் பிரிஜா சொன்னாள்.