டிக்கிக்குப் போன பேட்டரி

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் குரோம்பேட்டையில் கார் எலக்ட்ரீஷியன் அப்பாதுரையைப் போய்க் கேளுங்கள். வாய் திறக்கமாட்டார். முகத்தைப் பார்த்தாலே போதும்.

1993. ஒரு வெள்ளிக்கிழமை. மேடவாக்கம் கோபு தன் பழைய காரில் பெரிய டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தான். முன்னால் பேட்டரிக்கு இடமில்லை. அதை டிக்கிக்கு மாற்றி, அங்கிருந்து எஞ்சின்வரை புது ஒயர் இழுக்கிற வேலை அப்பாதுரைக்கு வந்தது. ஒயர் தகரத்தைத் தாண்டுகிற ஓட்டையில் சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகுவது அவர் வழக்கம். இல்லாவிட்டால் தகர விளிம்பு ஒயரை அறுத்துவிடும். அறுத்தால் தீதான்.

அன்று பார்த்து டியூப் இல்லை. பக்கத்தில் நின்ற கோபு அவசரப்படுத்தினான்.

"அண்ணா, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கெளம்பணும். அம்மா கோயில்ல காத்துகினு கீது."

சைக்கிள் கடைக்கு ஓடிவர நேரமில்லை. டேப்பைச் சுற்றிவிட்டார். டேப் ரொம்ப நேரம் தாங்காது என்று சொல்லியிருக்கலாம். முதல் பூஜைக்குக் கிளம்புகிறவனிடம் தீ என்ற சொல்லை எப்படி எடுப்பது? நாளைக்குக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம் என்று இருந்துவிட்டார்.

மத்தியானம் சைக்கிள் கடைக்கு ஓடினார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். டியூப் வாங்கி, வெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்.

சாயங்காலம் ஆறே முக்கால். மழை. கரண்ட் போய்விட்டது.

வாசலில் கார் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. அந்த எஞ்சின் தெருவையே எழுப்புமே...

கோபு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை.

"அண்ணா... கருகுற வாசனை வருதுண்ணா."

அப்பாதுரைக்குப் போன உயிர் வந்தது. "இரு கோபு, ரெண்டே நிமிசம்."

டிக்கியைத் தொட்டார். மழையில் நனைந்த தகரம்... சுட்டது.

கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டித் திறந்தார். டியூபைச் சொருகிக் கட்டினார்.

"போட்டுட்டேன் கோபு. தப்பு என்னுதுதான்பா."



டிக்கியை மூடினார். டப்...

நிமிர்ந்தார்.

மழை மட்டும்தான்.

சட்டைப் பையைத் தடவினார். டியூப் இல்லை.

மறுநாள் காலை செய்தி வந்தது. முந்தின நாள் கோயிலுக்குப் போகிற வழியிலேயே கார் பற்றிக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த கோபு, சாயங்காலமே போய்விட்டானாம்.

மேடவாக்கத்துக்கு ஓடினார். கோபுவின் அம்மா கங்கையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாள் பூரா கண்ணே தொறக்கல தம்பி. மழை வந்து கரண்ட் போச்சு பாரு, அப்போ சிரிச்சான். 'அண்ணா போட்டுட்டாரு, இனிமே எரியாது'ன்னான். அவ்ளோதான். போயிட்டான்."

அப்பாதுரை தலை குனிந்துகொண்டார். அவள் விடவில்லை.

"இன்னா தம்பி போட்டே எம் புள்ளைக்கு?"