குரக்கனுக்குள் நின்ற குதிரைகள்

நெடுந்தீவுக் குதிரைகளின் படம் ஒன்று போன மாதம் என் கைபேசிக்கு வந்தது. என் சின்ன வயதில் மாமா எடுத்தது. வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகள் பழைய பெட்டி ஒன்றுக்குள் இருந்து தேடி எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் வடிவான படம் என்கிறார்கள். இவ்வளவு உயரமான புல் அந்த வறண்ட தீவில் எங்கே முளைக்கிறது என்றும் கேட்கிறார்கள். அது புல் இல்லை, எங்களுடைய குரக்கன், கேழ்வரகுப் பயிர். நான் அதைச் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும். எனக்கு அவ்வளவு பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுதுவதும் மெதுவாகத்தான் வரும்.

எங்கள் தீவில் காணிகளைச் சுற்றி முருகைக் கல்லை, கடல் பவளப் பாறையை, அடுக்கித்தான் வேலி. போய்வர ஓரிடத்தில் கல்லை இறக்கி வழி விடுவோம். அதற்குக் கடவை என்று பெயர். திறந்தவனே மூடவேண்டும். மறந்துபோனால், வெளியில் மேயும் காட்டுக் குதிரைகள் உள்ளே வந்து மாதக்கணக்கான உழைப்பை ஒரு பொழுதில் முடித்துவிடும். அவற்றைத் தகரம் தட்டித் துரத்துவதும் நாங்கள்தான், கோடையில் தொட்டியில் தண்ணீர் இறைத்து ஊற்றுவதும் நாங்கள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் ஐயாவுக்கு, என் அப்பாவுக்கு, இடுப்பு வலி. காவல் என் தலையில் விழுந்தது. குரக்கன் வெட்டியபிறகு ஆறாம் வகுப்புக்குப் போகலாம் என்று ஐயா சொல்லியிருந்தார். அதனால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தகரத்தோடு வேலியில் இருந்தேன். கதிர் முற்றுகிறதா என்று ஐயாகூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

வெட்ட ஒரு கிழமை இருக்கும்போது அம்மாவின் தம்பி வந்தார். தெற்கில் கடை வைத்திருந்தவர். கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் கமராவோடு வந்திருந்தார். அவரும் ஐயாவும் கிணற்றடியில் நின்று தாழ்ந்த குரலில் நெடுநேரம் கதைத்தார்கள். ‘சண்டை’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மாமா குதிரைகளைப் படம் எடுக்கப் புறப்பட்டார். வெயிலில் வயிறு தரையில் பட ஊர்ந்தார். அவர் ஊர ஊர அவை தள்ளிப் போயின.

"அத்தான், கடவையைத் திறப்பமோ? குரக்கனைக் கண்டால் தானா வரும். கிட்ட நிண்டால்தான் படத்தில முகம் விழும்" என்றார் மாமா.

"முகம் விழுந்து? அதுகளுக்குக் கலியாணம் பேசப்போறீரோ?" என்றார் ஐயா.

மாமா சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, தானே கல்லை இறக்கத் தொடங்கினார்.

"ஐயா, குரக்கன்..." என்றேன்.

"பேசாமல் நில்."

முதலில் ஒரு மண்ணிறப் பெட்டைக் குதிரை குட்டியோடு நுழைந்தது. பின்னால் கூட்டமே வந்தது. கதிர்கள் பல்லுக்குள் நெரிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. மாமா முழங்காலில் நின்று எடுத்துக்கொண்டேயிருந்தார். பிலிம் முடிந்து அவர் எழும்பியதும் நான் தகரத்தைத் தூக்கினேன். ஐயா என் கையைப் பிடித்தார்.

"விடடா. வந்ததுகள் தின்னட்டும்."

கடவையையும் அவர் மூடவில்லை. அம்மா ஏசுவார் என்று பயந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அவர், "வடிவாத் திண்டதுகளோ?" என்று மட்டும் கேட்டார். கையில் இருந்த சேலையை விரித்து மறுபடி மடித்தார்.

என் துக்கம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காக்க ஒன்றும் இல்லையென்றால் காவலும் இல்லை. திங்கட்கிழமை காலை, நீலம் போட்டுத் தோய்த்து வைத்திருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டேன். பார்த்தால், வீட்டில் எல்லாரும் வெளிக்கிட்டு நின்றார்கள். அம்மா அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். இறங்குதுறையில் பாதி ஊர் மூட்டைகளோடு நின்றது. கடலுக்கு அந்தக் கரையில் எனக்கு இன்னும் பெரிய பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சேட்டில் உப்புத் தண்ணீர் தெறிக்காமல் படகின் நடுவில் இருந்துகொண்டேன்.

"ஐயா, அங்க பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

அவர் விலகிப்போகும் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடவையை மூடாமல் வந்தது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.