பட்டியலிலிருந்து விழுந்த இரண்டு பிரிவுகள்

தில்லி மயூர் விஹாரிலிருந்து தினமும் எட்டே முக்கால் மெட்ரோவைப் பிடிக்கும் வத்சலா, பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் ஒப்பந்தத்தோடு அவளுடைய கேட் பாஸும் காலாவதியாகும். மறுநாள் புதியது வரும். இந்த வருடமும் வரும் என்றுதான் ஜனவரி வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது மத்திய அரசின் ஒரு நடுத்தர அலுவலகம். விதிகள், சுற்றறிக்கைகள், படிவங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஊழியர்கள் கணினியில் பார்ப்பதற்கான உள் விக்கித் தளம் ஒன்றை அவள்தான் உருவாக்கியிருந்தாள். முந்நூற்று நாற்பது பக்கங்கள் ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன. விடுப்புப் படிவத்தைத் தேடிப் போனவர் கேன்டீன் நேரப் பக்கத்தில் போய் நின்றார்.

"படிப்படியா ஒரு லிஸ்ட் போடுங்க, வத்சலா ஜி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்துல தெரியணும்" என்று இணை இயக்குநர் இந்தியில் சொன்னார். "மார்ச்சுக்குள்ள முடிச்சா உங்க ரினியூவல் ஃபைலையும் கையோட பார்த்துடலாம்."

வேலை கடினமானதல்ல. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதன் தாய்ப் பக்கம் எது என்று ஒரு வரி எழுத வேண்டும். மற்றதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தாய்க்கு அடியில், சற்று உள்ளே தள்ளி, பிள்ளைப் பக்கங்கள் வரும். நிர்வாகத்துக்கு அடியில் விடுப்பு, விடுப்புக்கு அடியில் படிவங்கள். மதியச் சாப்பாட்டைக்கூட மேசையிலேயே முடித்துக்கொண்டு மூன்று வாரத்தில் எழுதிவிட்டாள். விஜிலன்ஸ் பிரிவின் பக்கங்கள் பெரும்பாலும் நிர்வாக விதிகளையே சுட்டியதால், அதை நிர்வாகத்தின் அடியில் வைத்தாள்.

பட்டியல் வெளிவந்த அன்றே விஜிலன்ஸ் அதிகாரி தியாகி அவள் மேசைக்கு வந்தார். யார் மேசைக்கும் போகிறவரல்ல அவர்.

"மேடம், நான் அட்மின் பாலசுப்ரமணியத்துக்குக் கீழயா?"

"இல்ல சார், அது பக்கத்தோட இடம் மட்டும்தான்."

"உள்ள தள்ளிப் போட்டிருக்கே! சீனியாரிட்டி லிஸ்ட் பாருங்க. அவரைவிட நான் எட்டு மாசம் மூத்தவன்."

மறுநாள் குறிப்பு வந்தது. நிர்வாகம் விஜிலன்ஸின் கீழ் வர வேண்டும். கீழே இணை இயக்குநரின் பச்சை மைச் சுருக்கொப்பம். வத்சலா மாற்றினாள்.

அதற்கு மறுநாள் நிர்வாக அதிகாரி பாலசுப்ரமணியம் கூப்பிட்டனுப்பினார். ஆர்.கே.புரம் அரசுக் குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழர், அவளிடம் தமிழில்தான் பேசுவார்.

"ஏம்மா, சம்பளம் போடறது நான், லீவு கொடுக்கறது நான். இந்த ஆபீஸ்ல நான் யாருக்குக் கீழ?"

அவரும் ஒரு குறிப்பை நீட்டினார். விஜிலன்ஸ் நிர்வாகத்தின் கீழ். அதே பச்சை மை.

"முதல் குறிப்பு ரத்துன்னு இதுல ஒரு வரி சேர்த்துடலாமா சார்?"

"ரத்துன்னு எழுதினா தியாகி மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பார். எதுக்கும்மா வம்பு? ரெண்டும் இருக்கட்டும்."

இரண்டும் ஆணை. இரண்டையும் நிறைவேற்றினாள். நிர்வாகத்தின் தாய் விஜிலன்ஸ், விஜிலன்ஸின் தாய் நிர்வாகம். மென்பொருள் மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தது. இரண்டுமே மேலே இல்லை. ஆகவே இரண்டையும், அவற்றின் பிள்ளைகள் அறுபத்தொரு பக்கங்களையும், பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. பக்கங்கள் அழியவில்லை, போகும் வழிதான் இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவன் மகாதேவன் சிரித்தான். "இவர் அவருக்கு அப்பா, அவர் இவருக்கு அப்பா. அச்சா, நல்ல குடும்பம்தான்." அவளுக்கும் சிரிப்பு வந்தது, அன்று மட்டும்.

அடுத்த வாரம் அந்த இரண்டு தாய் வரிகளில் ஒன்றைத் தானாகவே எடுத்துப் பார்த்தாள். இரண்டும் உடனே திரும்பி வந்தன. ஒரு மணி நேரத்தில் மெமோவும் வந்தது: யாருடைய உத்தரவின் பேரில் மாற்றம் செய்யப்பட்டது? அந்த வரியைத் திரும்பப் போட்டாள்.

மார்ச் முப்பதாம் தேதி அவளுடைய ஃபைல் பாலசுப்ரமணியத்தின் மேசையில் இருந்தது.

"பணி திருப்திகரம்னு நான் எழுதணும். ஆனா என் பிரிவே லிஸ்ட்ல இல்லையேம்மா. எப்படி எழுதறது?"

"ஒரு குறிப்பு ரத்தானா ஒரே நிமிஷத்துல வந்துடும் சார்."

"எனக்குப் புரியறது. ஆனா என் குறிப்பை நானே ரத்து பண்ணச் சொல்வேனா? கையெழுத்துப் போட்ட பெரியவர் வேற டூர்ல இருக்கார். ஏழாம் தேதிதான் வரார்."

தியாகியிடம் போனாள். அவர் எழுந்து நின்றே பேசினார், மரியாதையாக. "அவர் குறிப்பை ரத்து பண்ணட்டும், மேடம். திருப்திகரம்னு நான் ஜல்தி எழுதித் தரேன்."

இணை இயக்குநருக்கு இரண்டு முறை போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. நடந்ததை எழுதி மெயிலும் அனுப்பினாள். ஊரில் இல்லை என்ற தானியங்கிப் பதில் உடனே வந்தது.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு இரண்டு குறிப்புகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நாள் இடைவெளி. ஒரே கை, ஒரே வளைவு. படிக்காமலே போட்டிருப்பார் என்று தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது? குறிப்புகளை ஃபைலில் வைத்து, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் காவலாளி வழக்கம்போல பாஸைக் கையில் வாங்கி, தேதியைப் பார்த்தார்.

"மேடம், இது இன்னிக்கு வரைக்கும்தான்."

"தெரியும், பாய்சாப்" என்றாள்.