அரக்கு முத்திரைப் பாவாடை

கஸ்தூரிக்கு இரக்கம் பிடிக்காது. யாராவது அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினால் முகம் சுண்டிவிடும். அப்படிப்பட்டவள் ஓர் அறக்கட்டளையில் போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானதும் ஊருக்குப் புதுப்புது ஆபீஸ்கள் வந்தன. அவற்றை நம்பி நானும் ஒரு டைப்ரைட்டிங் நிலையம் திறந்தேன். மொஹ்சின் பாய் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷம் பக்கத்துக் கட்டடத்தில் அறக்கட்டளையின் தையல்கூடம் வந்தது. கணவன் விட்டுப்போனவர்கள், போலியோவில் கால் சூம்பியவர்கள் என்று இருபது பெண்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த கஸ்தூரி முதல் வகை. “அவன் போனது எனக்கு லாபம்” என்பாள். அவள் சொன்ன தோரணையில் நானும் நம்பினேன். சீக்கிரமே கூடத்தின் பொறுப்பு அவள் கைக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நன்கொடை 1997-இல் நின்றுபோனது. டிரஸ்டிகள் கூடத்தை மூடிவிடலாம் என்றார்கள். அரசு ஆர்டர் பிடித்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் பூட்டுங்கள் என்று கஸ்தூரி தவணை வாங்கினாள்.

அரசு விடுதிகளில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குச் சீருடைப் பாவாடை தைக்கிற டெண்டர் அது. துணியை அரசு தரும், தைத்துக் கொடுக்க வேண்டும். கூடத்துக்கான தாள்களை நான்தான் டைப் அடித்துக் கொடுத்துக் கூடவே போனேன். பல வருஷமாக அதை எடுத்துவந்த கண்ணாயிரம், டெண்டர் பிரிக்கிற அன்று எல்லார் எதிரிலும் சொன்னான்: “தர்மத்துல நடக்கறவங்களுக்கு எதுக்கு டெண்டரு? ஒரு உண்டியல் வச்சாப் போதாதா?” அறையே சிரித்தது. ஆனால் கஸ்தூரி போட்ட ரேட்தான் கம்மி, ஆர்டர் அவளுக்கு வந்தது.

பாவாடைகள் தைத்து அடுக்கியாயிற்று. சரிபார்க்க வந்த அதிகாரி அப்பாதுரை, அரக்கு முத்திரை வைத்த மாதிரிப் பாவாடை ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். எங்கள் பாவாடையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, மாதிரில அடிமடிப்பு ஒரு இஞ்சு. உங்களுதுல மூணு இஞ்சு இருக்குதே.”

“வளர்ற பொண்ணுங்க சார்” என்றாள் பாஞ்சாலை, கூடத்தில் கைவேகம் அதிகமுள்ளவள். “அடுத்த வருஷம் பிரிச்சு எறக்கிக்கலாம். வெட்டுனதுல துணி மிஞ்சுச்சு, உள்ள மடிச்சிட்டோம்.”

இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை என்றால் அவர்கள் கை தானாக அப்படித்தான் மடிக்கும். கஸ்தூரியின் கண்ணுக்கும் அது தப்பாகப் படவில்லை. கண்ணாயிரம் தைத்த வருஷங்களில் மிஞ்சிய துணி யார் வீட்டுக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்பாதுரை நல்ல மனுஷர். வந்த வினையே அதுதான். “மாதிரிப்படி இல்லன்னா திருப்பி அனுப்பணும். ஆனா நீங்க தர்ம ஸ்தாபனம். கருணையோட ஏத்துக்கணும்னு ஒரு மனு குடுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்” என்றார்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நான் தாள் எடுக்க எழுந்தேன்.

“இருங்க பாய்” என்றாள் கஸ்தூரி. அவர் பக்கம் திரும்பினாள். “சார், கண்ணாயிரம் இப்படித் தச்சிருந்தா மனு வாங்குவீங்களா?”

“எதுக்கு வாங்கறேன்? திருப்பி அனுப்பிருவேன்.”

“அப்ப எங்களுதையும் அனுப்புங்க. பௌர்ணமிக்கு முன்ன மாதிரிப்படி குடுத்துர்றோம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு கையெழுத்தில் முடிகிற காரியத்தை இப்படியா இழுத்து விட்டுக்கொள்வது? ஆயிரத்துக்கு மேல் பாவாடை. ஒவ்வொன்றையும் பிரித்து, வெட்டி, மறுபடி அடிக்க வேண்டும். பாஞ்சாலை கத்தரிக்கோலோடு அழுதாள். “இந்தத் துணிய வெட்டறது அநியாயம்க்கா.”

“அநியாயந்தான். வெட்டு.”

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது. முந்தின நாளே மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. வெட்டிய துணியையும் தனியாக மூட்டை கட்டி ஆபீஸிலேயே ஒப்படைத்தாள். அதை வாங்கி எங்கே வைப்பது என்று அப்பாதுரை திண்டாடிப்போனார்.

அன்றே என்னை ஒரு மனு அடிக்கச் சொன்னாள். அதில் கருணை எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மாதிரியிலேயே மூன்று இஞ்சு மடிப்பு வைக்க வேண்டும், யார் தைத்தாலும் சரி, அவ்வளவுதான்.

“நம்ம கைவேலைய மாதிரில சேத்து, கண்ணாயிரத்துக்கு நீயே வழி காட்டறியே?” என்றேன்.

“போடறது புள்ளைங்கதான பாய்.”

அவள் கேட்டபடியே மாதிரி மாறியது. கஸ்தூரி அகல மடிப்புக்குப் பிடிக்கிற கூடுதல் வேலைக்கும் சேர்த்து ரேட் போட்டாள். மோட்டார் மிஷின் வைத்திருந்த கண்ணாயிரம் அதைவிடக் குறைத்துப் போட்டு ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போனான். கூடத்தில் லாட்ஜுகளுக்குத் தலையணை உறை தைக்கிற வேலைதான் மிச்சம். டிரஸ்டிகள் பூட்டோடு வந்துவிட்டார்கள்.

“போன வருஷம் நம்மளப் பாத்து பாவம்னு சொன்ன ஆபீசு, இந்த வருஷம் ரேட்டு ஜாஸ்தின்னு சொல்லிச்சு” என்றாள் கஸ்தூரி அவர்களிடம். “ரேட்டக் குறைக்க எனக்கு வழி தெரியும். நீங்க ஏறிப் போற ஜீப்ப வித்துக் குடுங்க. மிஷினுக்கு மோட்டார் போடறேன்.”

அவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் விற்றார்கள். அவள் விற்கவைத்தாள்.

2000-இல் ஆர்டர் திரும்பி வந்தது. உத்தரவுக் கடிதத்தை என்னிடம்தான் படிக்கக் கொடுத்தாள். ரேட் ஏற்கப்பட்டது, மாதிரிப்படி இன்ன தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அபராதம் விதிக்கப்படும். வேறு ஒரு வார்த்தை இல்லை. படித்து முடித்து நிமிர்ந்தால், கஸ்தூரி அழுதுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

“அந்த அபராதம்... கண்ணாயிரத்துக்கும் இதேதான் போடுவாங்களா, பாய்?”

“இதேதான். ஒரு எழுத்து மாறாது.”

“சரி” என்று கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.