நர்ஸம்மா பார்த்த சாட்சி

மிளகு பறிக்க ஏணியில் நின்றபோது இருமினேன். துப்பியதில் ரத்தம். சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் (நுரையீரலைப் பிடிக்கும் கிருமி நோய்) என்றார் மருத்துவர். ஆறு மாதம் தினமும் மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாதாம்.

ஆறு மாதமா! மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் ஜெபவீட்டுக்கு வருவதே ஏழெட்டுக் குடும்பம்தான். அத்தனை பேரும் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். இரண்டாம் மாதம் இருமல் நின்றது, நன்றாகப் பசித்தது. அந்த ஞாயிறே போதகர் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார். கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன் எழுந்து சொல்வதுதான் சாட்சி.

"பூரண சுகம் குடுத்துட்டாருங்க" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. சுகமாகிவிட்டது என்று சபையில் சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரை தின்றால், சாட்சி பொய்யாகிவிடாதா? நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானாகச் செய்த மடத்தனம். நீங்கள் செய்துவிடாதீர்கள்.

மழைக்கு முன்பே இருமல் திரும்பியது. மருத்துவர் திட்டவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. பழைய மருந்துக்கே கிருமி அடங்கும் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொடுக்கிற சுகத்தை முழுசாகக் கொடுத்தால் என்னவாம் என்று கர்த்தரிடமே சண்டை போட்டேன்.

இந்தமுறை தினமும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா முன்னால்தான் விழுங்க வேண்டும்.

"ஏனுங்க, நானென்ன சின்னப் புள்ளையா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க முழுங்கறதுக்கு நாந்தான் சாட்சி. வாயத் தொறங்க, பாக்கோணும்."

சாட்சியா! எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஞாயிறு நானாகவே எழுந்தேன். "எனக்கு இன்னும் சுகமாகலைங்க. மாத்திரைய விட்டது என் தப்புங்க. மறுபடி திங்கறேன்." ஒருவரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மட்டும் "ஆமென்" என்றார்.

மாத்திரையால் வரும் குமட்டல் நிற்கவில்லை. சிறுநீர் செம்மண் தண்ணீர்போல் போகிறது. மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். மாதக் கணக்கெல்லாம் விட்டுவிட்டேன். விடிந்தால் ஒருமுறை விழுங்க வேண்டும், அவ்வளவுதான். ஜெபமும் அப்படியே ஆகிவிட்டது: இன்றைக்கு மட்டும் விடாதிருக்கப் பலம் கொடும். வாராவாரம் எழுந்து, "இந்த வாரமும் விடலைங்க" என்கிறேன். சிலர் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும்.

போன ஞாயிறு, நான் எழும் முன்பே போதகர் கேட்டார்: "அக்கா, இன்னிக்கு முழுங்கியாச்சுங்களா?"

சபைக்கு நடுவில், என்னையறியாமல் வாயைத் திறந்து காட்டினேன்.