வெக்ஸ்போர்டில் நான் பார்க்காத பாதி

சென்ற சனிக்கிழமை பிற்பகல், ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு படம் தொடங்கியது. அமெரிக்காவின் தென்மாநிலமொன்றில் ஒரு சிறுநகரம். அங்கே பெண்களுக்கு முடி அலங்கரிக்கும் கடை. வாய் ஓயாத சில பெண்கள். வெள்ளையர் நடித்துப் புகழ்பெற்ற பழைய படத்தை, முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்திருக்கிறார்களாம்.

"அம்மான்ர படம், அப்பா. இருந்து பாருங்கோ" என்றாள் தாரணி.

மறுபடி எடுக்கப்படும் படங்கள்மீது எனக்கு நல்லெண்ணம் கிடையாது. ஒரு காலத்தில் நாடகம் கற்பித்தவனின் வீண் செருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதற்காட்சியிலேயே சூடேற்றிய இரும்புச் சீப்பு ஒன்று ஒருத்தியின் கூந்தலில் இறங்கியது. உடனே, எந்தத் திரையிலிருந்தும் வரமுடியாத ஒரு வாசனை என்னிடம் வந்தது.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் முன்பு நாங்கள் இருந்த அடுக்குமாடியின் நடைபாதை வாசனை அது. எதிர்வீட்டு பேர்ல், ஜமேக்காக்காரி, தன் சமையலறை அடுப்பில் சீப்பைச் சூடாக்கி அயலவருக்கு முடி நேராக்குவாள். அந்த எண்ணெய்ப் புகையும், என் மனைவி பொரிக்கும் மட்டன் ரோல் புகையும் நடைபாதையில் சந்தித்துக் கைகுலுக்கும். பழைய படத்தின் வீடியோ நாடாவை வாடகைக் கடையிலிருந்து முதலில் கொண்டுவந்தவளும் பேர்ல்தான். பிறகு அந்தத் தளத்துப் பெண்கள் அதை எத்தனையோ சனிக்கிழமைகள் எடுத்துப் பார்த்தார்கள்.

ஆங்கிலம் புரியாதவர்களுக்கு நானே மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்தில் விரிவுரை செய்தவன் ரொறன்ரோவில் கார் தரிப்பிடக் கூண்டுக்குள் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமைகளில் எனக்கு விரிவுரை மண்டபம் திரும்பக் கிடைத்தது. படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கினேன்.

"இஞ்சாருங்கோ, அவள் ஒரு வசனம் சொன்னா நீங்கள் ஏன் பத்துச் சொல்லுறியள்? படத்தை ஓட விடுங்கோ" என்பாள் மனைவி. பெண்கள் சிரிப்பார்கள். தமிழ் தெரியாத பேர்ல் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பாள். நல்ல படம்தான், ஆனால் இந்த வெள்ளைக்காரிகளின் கடையில் ஒருத்திக்காவது என் தலையில் கைவைக்கத் தெரியுமா என்று அவள் ஒருமுறை ஆங்கிலத்தில் கேட்டாள். அதை நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. புதிய படத்தின் அந்தச் சீப்பைப் பார்க்க அவள் இப்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பாதிப் படத்தில், கடைக்கு வரும் ஒருத்தியின் மகள் நோயில் விழும் இடத்தில், நான் வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். முதல் முறை பார்த்தபோது, மிச்சக் கதையை மறுநாள் தேநீரோடு மனைவி சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது. எல்லாருமாய் இருந்து சாப்பிடினம். அவ்வளவுதான்." அதை நம்பி, பழைய இலக்கணம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில் நகைக்கு அடுத்து அழுகை நிற்பதேன் என்பதற்கு இந்தப் படத்தையே பல கூட்டங்களில் சான்று காட்டியிருக்கிறேன். அழுகையின் விளிம்புவரை சென்று பத்திரமாகத் திரும்பும் நகை இது என்று. கைதட்டினார்கள். அவர்களும் பார்க்கவில்லை போலும்.

சென்ற சனிக்கிழமை, படத்தில் அந்த மகள் இனித் தேறமாட்டாள் என்று மருத்துவர் தாயிடம் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"உது பிழை. கதையை மாத்திப்போட்டினம்."

"இல்லையப்பா. ஒரிஜினல்லயும் அவ சாகிறா."

"அம்மா எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை."

தாரணி படத்தை நிறுத்தினாள். "அப்பம்மா செத்து ஒரு மாதமாம் அப்ப. நீங்கள் சாப்பிடாமல் கிடந்தனீங்களாம். அதுதான் அம்மா மாத்திச் சொன்னவ. பேர்ல் அன்ரிக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம்."

எங்கள் ஊரவர் சாவை ஒரே மூச்சில் அறிவிப்பதில்லை. முதலில் "கொஞ்சம் கடுமை" என்பார்கள். பிறகு "நினைவு குறைவாய்க் கிடக்கு" என்பார்கள். உயிர் பிரிந்து மறுநாள் ஆகியிருக்கும். என் தாயாரின் செய்தியும் தொலைபேசியில் அப்படித்தான், படிப்படியாக இறங்கி வந்தது. கேட்பவனின் தாங்குவலுவை அளந்து சொல்லும் நாகரிகம் என்று அதை நான் புகழ்ந்தும் இருக்கிறேன்.

"வேற என்ன மாத்திச் சொன்னவ?" என்று கேட்டேன்.

அவள் ரிமோட்டை மேசையில் வைத்தாள். "அம்மாவுக்குச் சுகம் வராதெண்டு ஸ்பிரிங்லயே ரிசல்ட் வந்திட்டுது அப்பா. அம்மா சத்தியம் வாங்கிப்போட்டா. 'அவர் தாங்கமாட்டார்' எண்டவ."

கடந்த குளிர்காலத்தில் என் மனைவி இறந்தாள். அதுவரை எனக்குச் சொல்லப்பட்டது இரத்தக் குறைவு, இரும்புச்சத்துக் குளிசை. மருத்துவமனைக்குத் தாரணி அழைத்துப் போவாள்; நான் காரில் இருந்து பத்திரிகை படிப்பேன். அதற்கு முந்திய கோடை முழுவதும் மனைவி என்னோடு யன்னல் திரைச்சீலையின் நிறம் பற்றி வாதாடினாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நாளன்று, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, "போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றாள். போனேன். கீழே தேநீர்க் கடையில் நீண்ட வரிசை. திரும்பி வந்தபோது தாரணி அறை வாசலில் நின்றாள்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை, அப்பா" என்றாள்.

மூன்று வயதில் இந்நாட்டுக்கு வந்த பிள்ளை. அந்த வசனத்தை யாரிடம் கற்றாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அன்பினால் செய்ததுதான் என்று நீங்கள் சொல்வீர்கள், நண்பரே. மறுக்கவில்லை. ஆயினும் அவளிடம் சொல்ல எனக்கும் சில வார்த்தைகள் இருந்தன. அவற்றைத் திரைச்சீலைக்குச் செலவழித்துவிட்டேன். துரோகம் செய்தது புதிய படம் என்று எழுந்து நின்றவன் நான்; இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கதையை முழுதாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"மிச்சத்தைப் போடு, பிள்ளை" என்றேன்.

போட்டாள். தாய் கட்டிலருகே அமர்ந்து மகளின் கையை இறுதிவரை பற்றியிருந்தாள். அவளை ஒருவரும் வெளியே அனுப்பவில்லை.

அந்த வீடியோக் கடை இன்று இல்லை. பேர்ல் எங்கோ மாறிப்போய்விட்டாள். எங்கள் தளத்துப் பெண்கள் மோர்னிங்சைட்டிலும் அஜக்ஸிலும் சிதறிவிட்டார்கள். சிலர் அதற்கும் அப்பால். நடைபாதையில் இப்போது சுத்திகரிப்புத் திரவத்தின் மணம் மட்டுமே என்கிறார்கள். முடிவுகளை எனக்காகத் திருத்தியவளும் இல்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி போடட்டே, அப்பா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். கடைசிப் பெயர் மறையும்வரை நான் எழும்பவில்லை.