எனக்காக எண்ணியவள்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கோடையைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தி, "அப்புறம் ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். ஆகவில்லை.

நான் ப்ளஸ் ஒன் முடித்திருந்தேன். தாம்பரத்தில் ஒரு மைதானத்தின் மூலையில், கோடுகள் பாதி அழிந்துபோன சிமெண்ட் தரையில் எங்கள் கிளப்பின் பெண்கள் அணி கூடைப்பந்து ஆடும். நான் அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிளில் போவேன். அவள் வண்டலூரிலிருந்து ரயிலில் வருவாள். இருவருக்கும் அணியில் ஒரே வேலை, தூரத்தில் நின்று ஷாட் போடுவது. களத்தில் இறங்கும் ஐந்து பேரில் அதற்கு ஓர் இடம்தான் உண்டு. பல வருடமாக அது என்னுடையதாக இருந்தது. அவள் கிளப்பில் சேர்ந்து ஒரு சீசன் முடிவதற்குள் நான் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அதோடு நிற்கவில்லை. ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவளுடைய முழங்கை என் உதட்டைக் கிழித்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "நடுவுல வந்து நின்னா நான் இன்னா பண்றது?" என்றாள். சாரி கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் நான் மற்ற பெண்களுக்கு முன்னால் அவள் பேசுவதைப் போலவே, "வந்துகினு, போய்கினு" என்று பேசிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

மே மாதம் தொடங்கியதும் கோச் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். கோடைக்கு ஒரு சவால் என்றார்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஆளுக்கு அஞ்சாயிரம் பாஸ்கெட். போட்ட ஷாட் கணக்கு இல்ல, உள்ள விழுந்ததுதான் கணக்கு. ஜோடி ஜோடியா வாங்க. ஒருத்தி ஷாட் போடணும், இன்னொருத்தி பந்தை எடுத்துக் குடுத்து எண்ணணும். தினம் வாட்ஸப் குரூப்ல நம்பர் போட்டுடுங்க. கடைசி நாள் டெஸ்ட். அதை வெச்சுதான் டீம்."

சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேப்டனுக்கு அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் ஜோடி. மிஞ்சியது நாங்கள் இருவர்.

"சார், நான் வேற யாரோடயாவது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் இவ வேணாம் சார்," என்றாள் அவள்.

கோச் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு பாஸ்கெட்கூட சும்மா குடுக்க மாட்டீங்க. எனக்கு அதுதான் வேணும். கிளம்புங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கே வெயில் உறைக்க ஆரம்பித்திருந்தது. முதலில் என் முறை. நான் போட்டுக்கொண்டே இருந்தேன், பந்து விழுந்துகொண்டே இருந்தது. அவள் எண்ணுவது உதட்டைத் தாண்டி வரவில்லை.

"எவ்ளோ?" என்று கேட்டேன்.

"பதினாலு."

"இருபதுக்கு மேல போட்டிருக்கேன்!"

"கோடு மிதிச்சிகினு போட்டா அது பாஸ்கெட் இல்ல. உன் வலது கால் உள்ள போவுது."

நாங்கள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று போட வேண்டும். அந்தக் கோடு அந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாது. இல்லாத கோட்டை எப்படி மிதிப்பது என்று கத்தினேன். அவள் ஒரு செங்கல் துண்டைத் தேடி எடுத்து வந்து, ரிங்கிலிருந்து அடி அடியாக அளந்து, வளைவாகக் கோடு கிழித்தாள். பிறகு செங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இப்போ தெரியுதா?" என்றாள்.

அவள் முறை வந்தபோது நான் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஷூவின் நுனி சிவப்பில் பட்டாலும், "மிதிச்ச" என்றேன். பந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வேண்டுமென்றே கணுக்கால் உயரத்தில் எறிந்தேன். அவள் என் முறையில் நெஞ்சைப் பார்த்து ஓங்கி எறிந்தாள். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, "ஏம்மா, அக்கா தங்கச்சி மாதிரி இருக்கக் கூடாதா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்தோம். அவர் மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்தில் வேகமாக நடந்தார்.

குரூப்பில் கேப்டன் ஜோடியின் நம்பர் தினமும் எகிறியது. நாங்கள்தான் கடைசி. ஒருநாள் கேப்டன், "நம்ம ஸ்டார் பிளேயர்ஸ் ரெண்டு பேரும் தூங்கறாங்களா?" என்று எழுதினாள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். கோபம் கேப்டன் மேல் வரவில்லை. இரண்டு ஷாட்டுக்கு ஒன்றை வெட்டும் இவள் மேல்தான் வந்தது.

இரண்டாவது வாரத்தில் அவள் எறிந்த பந்து நேராக என் இடது சுண்டுவிரலில் மோதியது. வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. விரலைப் பார்த்த அம்மாவிடம், அவள் என் கணக்கை வெட்டுவது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலை ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"நீதானா அது? உனக்கு அறிவில்ல? வயசுப் பொண்ணு கையை ஒடிச்சு வெச்சிருக்க!"

அவள் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஒடியல ஆன்ட்டி. வீங்கிக்கீது. பந்து வரும்போது கையை நீட்டிகினு நிக்கணும், உங்க பொண்ணு வேற எங்கியோ பார்த்துகினு நின்னுச்சு."

"தினம் இவ போடற பாஸ்கெட்டெல்லாம் எண்ண மாட்டேங்கிறியாமே?"

"கோட்ட மிதிச்சா எண்ண மாட்டேன். அதைத்தான கேட்டுக்கினு வந்தீங்க? அதோ கீது கோடு. உங்க பொண்ணையே கேளுங்க, மிதிக்குதா இல்லியான்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். "வாம்மா போலாம்," என்றேன். குரோம்பேட்டை தாண்டியதும், "நிஜமாவே மிதிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. விரல் ஒரு சாக்கு. நான் போகாவிட்டால் அவளுக்கு எண்ண ஆள் கிடையாது. அவள் கணக்கு அங்கேயே நின்றுபோகும். மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவள் தனியாகப் பந்தைத் துரத்தி ஓடுவதை நினைத்தபோது மாம்பழம் சாப்பிட்டது போல இருந்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் எங்கள் வீட்டு கேட் தட்டப்பட்டது. அவள்தான். முகம் கறுத்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. வீட்டை யாரிடம் கேட்டுக் கண்டுபிடித்தாளோ தெரியவில்லை.

"இன்னா, வர மாட்டியா?"

"கை சரியில்ல."

"எண்றதுக்குக் கை எதுக்கு? வாய் நல்லாத்தான கீது?"

"வேற யாரையாவது கூப்பிடு. கேப்டனைக் கூப்பிடு."

"அதுங்க ஒன்னு விழுந்தா ரெண்டுன்னு எண்ணிகினு கீதுங்க. ரெண்டு நாளா உக்காந்து பார்த்தேன். எனக்கு அது மாதிரி வேணாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்கு என்னைக் கண்டா ஆவாது. அதான் உன்னைக் கூப்பிட வந்தேன்."

அம்மா மோர் கொண்டுவந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டாள். அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே மூச்சுவிடாமல் குடித்தாள். டம்ளரை நீட்டி, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள். என்னிடம், "நாளைக்கு வரலன்னா பயந்துகினன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போனேன். சண்டை குறையவில்லை. ரிங்கைச் சுற்றி உருண்டு விழுந்தது, போர்டில் பட்டு விழுந்தது, காற்று தள்ளி விழுந்தது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் போகும் இரைச்சலில் நான் சொன்ன நம்பர் கேட்காவிட்டால் அதற்கும் சண்டை. ஆனால் ஒரு கட்டத்தில் என் வலது கால் தானாகவே கோட்டுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தது. அவளும் கவனித்திருப்பாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் எரிச்சல்தான் வந்திருக்கும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஐயாயிரத்தைத் தொடவில்லை. கேப்டன் ஜோடி எப்போதோ தாண்டியிருந்தது. கோச் ஒவ்வொருத்தியையும் ஐந்து இடங்களில் நிற்கவைத்து, இடத்துக்குப் பத்து ஷாட் போடச் சொன்னார். அவரே எண்ணினார். ஷாட் போடப் போடக் கேப்டனின் முகம் வெளுத்தது. பாதிகூட விழவில்லை. மற்றவர்களும் அப்படியே. நான் முப்பத்தாறு. அவள் முப்பத்தெட்டு.

கோச் அந்த ஓர் இடத்தை இரண்டாக்கி, எங்கள் இருவரையும் ஐந்து பேரில் சேர்த்தார். கேப்டனின் பக்கத்து வீட்டுப் பெண் பெஞ்சுக்குப் போனாள். "குரூப்ல நீங்க எல்லாரும் போட்ட நம்பரை நான் இனிமே பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே மற்றவர்கள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வேறொரு குரூப் தொடங்கினார்கள். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் அவளைப் போலப் பேசிக் காட்டியபோது சிரித்தவர்கள் யாரும் இப்போது என் பக்கத்தில் உட்காரவில்லை. பெஞ்சின் ஒரு முனையில் அவர்கள் எல்லாரும். இன்னொரு முனையில் நான். இடையில் அவள். எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இவள் கிளப்பில் சேராமல் இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது என்று தோன்றியது.

சீசனின் முதல் ஆட்டம் செங்கல்பட்டில். களத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே புரிந்துவிட்டது, கேப்டன் எங்கள் இருவருக்கும் பந்தைத் தரப் போவதில்லை. எதிரணியின் ஷாட் தவறி பந்து எங்கள் கைக்கு வந்தால்தான் உண்டு. அப்போது நான் அவளுக்குக் கொடுத்தேன், அவள் எனக்குக் கொடுத்தாள். வேறு யாரும் இல்லை. அவள் எறிந்த ஒவ்வொரு பந்தும் நெஞ்சுக்கு நேராக, ஓங்கித்தான் வந்தது. நான் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அப்படியும் ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி ஷாட் என்னுடையது. ரிங்கின் முன் விளிம்பில் பட்டு வெளியே வந்தது.

திரும்பும்போது மற்றவர்கள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். இந்தப் பெட்டியில் நானும் அவளும் எதிரெதிர் ஜன்னலில். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கடைசி பந்த எனக்குக் குடுத்திருக்கணும்," என்றாள்.

"உன் மேல ஆள் இருந்துச்சு."

"இல்ல. நான் மூலைல தனியாத்தான் நின்னேன்."

"நீ கையே காட்டல."

"கை காட்டுனா அந்தப் பொண்ணு என்கிட்ட ஓடி வந்துரும். உனக்குக் கண்ணு எங்க கீது?"

நான் எழுந்து நின்று கத்தினேன். அவளும் எழுந்தாள். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா கால்களை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டார். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் எல்லாம் அந்தக் கத்தலிலேயே போயின. வண்டலூரில் அவள் இறங்கினாள். நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் வந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் எங்கே நின்றாள், அந்தப் பெண் எங்கே நின்றாள், நான் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே நாலு எட்டு நடந்தாள். அவள் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அவள் சொல்வது தப்பு என்று மட்டும் தெரிந்தது. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தி, "இல்லவே இல்ல!" என்று கத்தினேன்.